பதின்வயதுப் பிள்ளையை வாசிக்க வைப்பது எப்படி? ராமநாதபுரம் கடலோரப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் முழுமையான வழிகாட்டி

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, மூக்கையூர் என்று இந்தக் கரையில் எந்த ஊரில் பெற்றோர் கூட்டம் போட்டாலும் ஒரு பேச்சு தவறாமல் வரும். "சின்னப் புள்ளையில கதை சொல்லு, கதை சொல்லுன்னு உயிரை வாங்குவான் சார். எட்டாவது போனான், அதோட சரி. இப்பப் புத்தகத்தைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்கிறான்."

சொல்லிவிட்டு, என்ன புத்தகம் வாங்கித் தரலாம் என்று கேட்பார்கள். ஆனால் பன்னிரண்டு, பதிமூன்று வயதுக்குப் பிறகு ஒரு பிள்ளை வாசிப்பை விட்டு விலகுவதற்குப் பெரும்பாலும் புத்தகம் காரணமே இல்லை. அந்த வயதில் பல பக்கமிருந்தும் அவனை அளந்து பார்க்கிறார்கள். வாசிப்பும் அந்த அளவுகோல்களில் ஒன்றாகிவிட்டால் அவன் அதிலிருந்து தப்பிக்கத்தான் பார்ப்பான். அதனால் இந்த வழிகாட்டியில் புத்தகம் கொஞ்சம் தள்ளித்தான் வரும். முதலில் பிள்ளையைப் பார்ப்போம்.

படி 1: அந்த வயதைத் தெரிந்துகொள்ளுங்கள்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் வளரிளம் பருவம் என்பது 10 முதல் 19 வயது வரை. உடம்பில் மாற்றங்கள் பெண் பிள்ளைகளுக்குப் பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், ஆண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்கிவிடும். குரல் உடைவதும் பருவமடைவதும் முகப்பருவும் நம் கண்ணுக்குத் தெரிகின்றன. மூளையில் நடப்பது தெரிவதில்லை. ஆசை, கிளர்ச்சி, பரிசு, நண்பர்களின் பாராட்டு இவற்றுக்குச் சட்டென்று துள்ளும் பகுதி முதலில் சூடுபிடிக்கிறது. நிதானித்து யோசித்து முடிவெடுக்க உதவும் முன்மூளைப் பகுதி முழுதாக முதிர இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். அதனால்தான் தனியாக இருக்கும்போது பொறுப்பாகப் பேசும் பையன், கூட்டாளிகள் நான்கு பேர் சேர்ந்ததும் பாம்பன் பாலத்தில் பைக்கை முறுக்குகிறான். அவனுக்கு ஆபத்து தெரியாமல் இல்லை. அந்த நேரத்தில் கூட்டாளிகளின் கண் அவனுக்குப் பெரிதாகத் தெரிகிறது.

தூக்கத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்த வயதில் தூக்கம் வரும் நேரமே இயல்பாக ஒன்று, இரண்டு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. தேவையோ 8 முதல் 10 மணி நேரம். நம் கரையோர வீடுகளில் விடியும் முன்பே விளக்கு எரிந்துவிடும். படகுக்குப் போகிறவர், கரைக்கு மீன் எடுக்கப் போகிறவர், தண்ணீர் பிடிக்கிறவர் என்று நடமாட்டம் தொடங்கிவிடும். பதினொரு மணிக்குத் தூங்கிய பிள்ளை நாலரை மணிக்கு எழும்பினால் அன்று மாலை அவன் கையில் எந்தப் புத்தகம் கொடுத்தாலும் கண் சொக்கத்தான் செய்யும். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டும் முன் எத்தனை மணி நேரம் தூங்கினான் என்று எண்ணிப் பாருங்கள்.

படி 2: நம் கரைக்கே உரிய அழுத்தங்களைப் பாருங்கள்

பதின்வயதுச் சிக்கல் என்று பொதுவாகப் பேசுவதில் பெரும்பாலும் நகரத்துப் பிள்ளைகள்தான் வருவார்கள். நம் பிள்ளைகள் சுமப்பது கொஞ்சம் வேறு.

ஆண் பிள்ளைக்குப் பதினைந்து, பதினாறு வயதில் கடல் கூப்பிடும். லீவு நாளில் வல்லம் எனும் நாட்டுப்படகில் போய் வந்தால் பங்குக்காசு கிடைக்கும். அந்தக் காசை அம்மா கையில் கொடுக்கும்போது வீட்டில் அவனுக்குக் கிடைக்கும் மரியாதையை எந்த மார்க்கும் வாங்கித் தருவதில்லை. கூடப் படித்தவன் படிப்பை நிறுத்திவிட்டுப் புது போனோடு திரிவதையும் அவன் தினமும் பார்க்கிறான். இந்த நிலையில் "படிச்சாத்தான் முன்னேற முடியும்" என்று மேடைப்பேச்சாகச் சொன்னால் அது அவன் காதில் ஏறாது. அவன் பார்க்கும் கணக்கு வேறு.

கடல் பயமும் இருக்கிறது. எல்லை தாண்டியதாகப் படகு பிடிபட்டது, இத்தனை பேர் சிறையில் என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது செய்தி வருகிறது. பிடிபட்டவர் சொந்தக்காரராக இல்லாவிட்டாலும் அடுத்த தெருக்காரராக இருப்பார். அப்பா கடலுக்குப் போன ராத்திரி பிள்ளையும் சரியாகத் தூங்குவதில்லை. ஆனால் அதைப் பற்றி வீட்டில் யாரும் அவனிடம் பேசுவதும் இல்லை. "உனக்கெதுக்கு அது, நீ படி" என்பதோடு முடிந்துவிடுகிறது.

பெண் பிள்ளைக்கு வேறு மாதிரி. சடங்கு முடிந்ததும் அவள் நடக்கும் தூரம் சுருங்கிவிடுகிறது. நேற்று வரை கடைத்தெரு நூலகத்துக்குப் போய் வந்தவள் இன்று பள்ளிக்கூடம் விட்டால் வீடு. அம்மா கடற்பாசி எடுக்கப் போகும் நாளில் தம்பி தங்கை, சமையல், தண்ணீர்க் குடம் எல்லாம் அவள் தலையில். பாம்பன் சின்னப்பாலம் பக்கம் போய்ப் பாருங்கள், லீவு நாளில் அம்மாவோடு தானும் கடலில் இறங்கும் பிள்ளைகள் உண்டு. இதற்கு நடுவில் "பொண்ணுக்கு இடம் பார்க்கலாமா" என்ற பேச்சும் காதில் விழும். பெண்ணுக்குத் திருமண வயது 18 என்று சட்டம் இருக்கிறது. இருந்தும் அந்தப் பேச்சு பதினைந்து வயதுப் பிள்ளையின் மனதை எப்படிக் குடையும் என்று பெரியவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை.

கீழக்கரை, தொண்டி போன்ற ஊர்களில் வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் அதிகம். வீடியோ அழைப்பில் வாப்பா கேட்கும் முதல் கேள்வி "மார்க் எவ்வளவு?" என்பதாக இருந்தால், ஆசையாகப் பேச வந்த பிள்ளை போனை உம்மாவிடம் நீட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

அப்புறம் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு, நீட். இவற்றைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. எல்லா வீட்டிலும் அந்தப் பேச்சுதான்.

நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சுமையும் இருக்கிறது. "கலாம் பொறந்த மண்ணு, அவர் மாதிரி வரணும்" என்று ஆண்டுவிழாவில் சொல்கிறோம், வீட்டில் சொல்கிறோம். சொல்பவர் மனதில் அன்புதான் இருக்கிறது. கேட்கும் பிள்ளைக்கோ, குடியரசுத் தலைவர் ஆகாவிட்டால் தோற்றுவிட்டோம் என்பதாக விழுகிறது. கலாமைப் பற்றிச் சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தப் பகுதியைச் சொல்வது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். மேலே சொன்னவற்றில் உங்கள் பிள்ளைமேல் இப்போது எது இருக்கிறது என்று நீங்களாகவே யோசித்துப் பாருங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரிக்க வேண்டாம். வலை சரிசெய்யும்போது, மீன் கழுவும்போது, பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போது முகம் பார்க்காமல் பேசுவது இந்த வயதுக்கு எளிது. நீங்கள் பேச்சை எடுத்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும்.

படி 3: அவனால் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள்

இதைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒன்பதாம் வகுப்பு வரை வந்துவிட்டான் என்பதாலேயே சரளமாக வாசிப்பான் என்று அர்த்தமில்லை. எழுத்துக் கூட்டி வாசிக்கும் பிள்ளை வரியின் கடைசிக்கு வருவதற்குள் வரியின் தொடக்கத்தை மறந்துவிடும். அதற்கு வாசிப்பு தண்டனைதான். வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்லி எல்லோரும் சிரித்த அனுபவம் ஒரு தடவை இருந்தாலும் போதும், அது வாயைத் திறக்காது.

தனியாக இருக்கும்போது செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சின்னச் செய்தியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். திக்கித் திக்கிப் போனால் திருத்தாதீர்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதைப் பல பிள்ளைகள் வீட்டில் சொல்வதே இல்லை, கண்ணாடி போட்டால் கேலி செய்வார்கள் என்று. கண் சரியாக இருந்தும் எழுத்துகள் இடம் மாறித் தெரிவது, பேச்சில் கெட்டியாக இருக்கும் பிள்ளை எழுத்தில் மட்டும் தடுமாறுவது போன்றவை இருந்தால் கற்றல் குறைபாடாக இருக்கலாம். அரசு மருத்துவமனையிலோ பள்ளி மூலமாகச் சிறப்பாசிரியரிடமோ காட்டுங்கள். அது அறிவுக் குறைவு கிடையாது.

சரளம் குறைந்த பிள்ளைக்கு அதன் வயதுக்கேற்ற விஷயம், ஆனால் எளிய மொழி, குறைந்த பக்கம் என்று தேடுங்கள். பள்ளிக் கல்வித்துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று படிப்படியாக வருகின்றன. அரசுப் பள்ளிகளில் கேட்டால் கிடைக்கும். பதினான்கு வயதுப் பையன் கையில் முயலும் ஆமையும் படம் போட்டதைத் திணித்தால் அவமானமாக எடுத்துக்கொள்வான். அட்டையைப் பார்த்தே அவன் முடிவுசெய்துவிடுவான், அதில் கவனம் வேண்டும்.

படி 4: சுமையை இறக்குங்கள்

புத்தகம் வாங்கும் முன்பு நாம் நிறுத்த வேண்டியவை சில. ஒப்பிடுவதை நிறுத்துங்கள். "பக்கத்து வீட்டுப் புள்ள எப்படிப் படிக்குது பாரு" என்ற ஒரு வரி ஒரு மாத முயற்சியைக் கெடுத்துவிடும். வாசித்ததற்குச் சுருக்கம் எழுதச் சொல்வதையும் "இதில் என்ன நீதி?" என்று கேட்பதையும் விடுங்கள். தண்டனையாகப் புத்தகத்தைக் கொடுக்கவே கூடாது. "போனைக் குடு, போய் ஏதாவது புத்தகம் படி" என்று நாளும் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளையின் மனதில் போன் பரிசாகவும் புத்தகம் தண்டனையாகவும் பதிந்துவிடும். போனுக்கு நேரம் வைப்பது தனி வேலை. அதைப் புத்தகத்தோடு முடிச்சுப்போட வேண்டாம்.

ஆசிரியர்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வாரத்தில் ஒரு பாடவேளை நூலகத்துக்கு என்று அட்டவணையில் இருக்கும். பொதுத்தேர்வு நெருங்கும்போது முதலில் பறிபோவதும் அதுதான். தயவுசெய்து அதை விட்டுக்கொடுக்காதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வாரம் முழுவதும் மார்க் கேட்காத நேரம் அந்த நாற்பது நிமிடமாகத்தான் இருக்கும்.

படி 5: புத்தகம் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்

இங்கேதான் கலாமின் கதைக்கு வருகிறேன். 1931-இல் ராமேஸ்வரத்தில் பிறந்த அவர் சிறுவயதில் செய்தித்தாள் போட்ட கதை எல்லோருக்கும் தெரியும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதை நிறுத்திவிட்டதால், ராமேஸ்வரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் நடுவில் ஓடும் ரயிலிலிருந்து பத்திரிகைக் கட்டுகளை வீசுவார்கள். உறவினர் சம்சுதீனுக்கு அவற்றை எடுத்துக்கொடுக்கும் வேலை அவருடையது. இந்தக் கதையில் நாம் சொல்ல மறந்துவிடும் ஒருவர் இருக்கிறார். புத்தகமே அரிதாக இருந்த அந்த ஊரில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவர் தம் வீட்டில் நிறையப் புத்தகங்கள் வைத்திருந்தார்; தாராளமாக எடுத்துப் படிக்கச் சொல்லி ஊக்கப்படுத்தினார்; அடிக்கடி அவர் வீட்டுக்குப் போய்ப் புத்தகம் வாங்கி வந்தேன் என்று கலாமே எழுதியிருக்கிறார். பிள்ளைகளைக் "கலாம் மாதிரி வா" என்று சொல்வதைவிட, பெரியவர்களாகிய நாம் மாணிக்கம் மாதிரி இருக்கப் பார்க்கலாம். அது நம் கையில் இருக்கிற காரியம்.

மாவட்ட மைய நூலகம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் கடலோர ஊர்களில் இருக்கின்றன. 1948-இலேயே பொது நூலகச் சட்டம் கண்ட மாநிலம் இது. நாம் கட்டும் வீட்டுவரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். ஆக அது நம் காசில் நடக்கும் இடம், தயங்காமல் போங்கள். சிறிய காப்புத்தொகையும் சந்தாவும் கட்டினால் உறுப்பினர் ஆகலாம். பிள்ளையின் பெயரிலேயே அட்டை எடுங்கள். தன் பெயர் எழுதிய அட்டை கையில் இருப்பது இந்த வயதில் பெரிய விஷயம். திறக்கும் நேரத்தையும் விடுமுறை நாளையும் முதலில் கேட்டு வையுங்கள். மூடிய கதவைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை மறுபடி போகாது.

நூலகம் வரை போக முடியாத பெண் பிள்ளைகளுக்குப் புத்தகம்தான் நடந்து வர வேண்டும். கல்லூரிக்குப் பஸ்ஸில் போகும் அக்கா, லாத்தா யாராவது ஒருவர் ஒரு துணிப்பையில் ஏழெட்டுப் புத்தகம் எடுத்து வந்து தெருவில் சுற்றுக்கு விட்டால் போதும். எந்தப் பிள்ளையிடம் எது இருக்கிறது என்று ஒரு பழைய நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளலாம். தொலைந்தால் சத்தம் போடாதீர்கள். ஒன்றிரண்டு தொலையத்தான் செய்யும்.

வீட்டில் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைக்க வேண்டாம். வாசல் திண்ணை, போன் சார்ஜ் போடும் இடம், சாப்பிட உட்காரும் இடம், இங்கெல்லாம் ஒரு புத்தகம் சும்மா கிடக்கட்டும். உப்புக்காற்றில் தாள் நமுத்துப் போகும், அட்டை வளையும். பரவாயில்லை.

படி 6: எதைக் கொடுப்பது?

பிள்ளை எதைப் பற்றி ஏற்கெனவே யோசித்துக்கொண்டிருக்கிறானோ அதிலிருந்து தொடங்குங்கள். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பாம்பன் பக்கம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன். பாடப் புத்தகத்தையே விரல் படாமல் வைத்திருப்பவன். ஒரு நாள் காலையில் டீக்கடை பெஞ்சில் தினசரியை விரித்து வைத்துக் குனிந்திருந்தான். முந்தின நாள் படகுகள் பிடிபட்டிருந்தன. கைதானவர்களின் பெயர்ப் பட்டியல் பத்தி பத்தியாக வந்திருந்தது. ஆள்காட்டி விரலை வைத்து ஒவ்வொரு பெயராக, தகப்பன் பெயர், வயது சேர்த்து உதடு அசைய வாசித்துக்கொண்டு வந்தான். கடைசிப் பெயர் வரை போய்விட்டு மறுபடி மேலே வந்து இரண்டாம் முறை வாசித்தான். அவனுடைய சித்தப்பா பெயர் அதில் இல்லை. அதன் பிறகுதான் நிமிர்ந்தான். ஒரு சொல் விடாமல் அப்படி ஊன்றி வாசிப்பதை நான் எந்த வகுப்பிலும் பார்த்ததில்லை.

அவனிடம் நான் பேச்சுக் கொடுத்தபோது அவன் கேட்டது ஒன்றுதான்: "கடல்ல கோடு எங்க சார் இருக்கு? யார் போட்டது?" 1974-இலும் 1976-இலும் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தங்களைப் பற்றிச் சொன்னேன். வரைபடத்தைக் காட்டினேன். முதலாவது பாக் நீரிணைப் பக்கத்துக்கு, இரண்டாவது மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும். வடகடலும் தென்கடலும் வேறு வேறு ஒப்பந்தத்தில் வருவதைப் பார்த்ததும் அவனுக்கு ஆச்சரியம். கச்சத்தீவு பற்றி நூலகத்தில் இருந்த சிறிய நூலை வாங்கிப் போனான். பாதிதான் வாசித்தானாம். எனக்கு அது போதும். அடுத்து அவனே வந்து கேட்டது புயலைப் பற்றி.

இப்படித் தொடங்க நம் கரையில் விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது, பாம்பனிலிருந்து போன ரயிலைக் கடல் கொண்டது. பேய்க்கதையில் ஆசை உள்ள பிள்ளைகூட அந்த இடிபாட்டைப் பார்த்துவிட்டு வந்தால் அதைப் பற்றிய கட்டுரையைத் தேடும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலமும் 2025-இல் திறந்த புதிய செங்குத்துத் தூக்குப் பாலமும் இயந்திர ஆசை உள்ளவனுக்கு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள், பவளப்பாறை, ஆவுளியா எனும் கடல் பசு இவை உயிரினங்களில் ஆர்வம் உள்ளவளுக்கு. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றும்போது எண் 3-க்கும் எண் 7-க்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்த பிள்ளை பெருமையாகச் சொல்லும், தெரியாத பிள்ளை தேடும்.

உள்ளூரோடு நின்றுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. துப்பறியும் கதை, விளையாட்டு வீரர்களின் வாழ்க்கை, ராஜா காலத்துத் தொடர்கதை, அறிவியல் புனைவு, காதல் கதை, இவற்றுக்கெல்லாம் இந்த வயதில் பசி இருக்கும். காதல் கதையைப் பார்த்ததும் பிடுங்காதீர்கள். வயதுக்குப் பொருந்துமா என்று நீங்கள் முதலில் புரட்டிப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம். சிவகாசியிலிருந்து பல பத்தாண்டுகளாக வரும் முத்து, லயன் காமிக்ஸ் நம் தலைமுறையில் எத்தனை பேரை வாசகர்களாக்கியது! காமிக்ஸ் வாசிப்பில் சேராது என்று நினைப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆறு முதல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக அரசே வெளியிடும் தேன்சிட்டு இதழையும் பள்ளியில் கேளுங்கள். இதழ் வாசிப்பது புத்தகத்தைவிட எளிது, ஒரே மூச்சில் முடித்துவிடலாம்.

இந்திய நூலகவியலின் தந்தை சீர்காழி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் சொன்ன ஐந்து விதிகளில் ஒன்று ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது. பத்துப் புத்தகம் காட்டி ஒன்பது பிடிக்காமல் போனால் அது பிள்ளையின் குறை இல்லை. பதினொன்றாவதைக் காட்டுங்கள். ராமநாதபுரத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது பிள்ளை கையில் இருநூறு ரூபாய் கொடுத்து, "உனக்குப் பிடிச்சதை வாங்கு" என்று விட்டுவிடுங்கள். நீங்கள் பஜ்ஜிக் கடைப் பக்கம் நில்லுங்கள். அவன் வாங்கி வருவதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்.

படி 7: கடலின் நாள்காட்டியோடு சேர்த்து நேரம் வையுங்கள்

தினமும் ஆறு மணிக்கு வாசிப்பு என்ற கால அட்டவணை நம் வீடுகளில் நிற்காது. கச்சான் காற்று அடிக்கும் மாதமும் வாடைக்காற்று மாதமும் ஒன்றா? மீன் பாடு நன்றாக இருக்கும் வாரத்தில் வீடே ஓடிக்கொண்டிருக்கும். அந்த வாரத்தில் பத்து நிமிடம் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

ஆனால் நமக்கென்று ஒரு பருவம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். பள்ளிக்கூட முழுப்பரீட்சை லீவும் பெரும்பாலும் அதே நாட்களில் வந்துவிடுகிறது. அப்பா கரையில் இருக்கிறார். படகில் பழுதுபார்ப்பு, வலைவேலை, மதியம் வேப்பமர நிழல். காசு முடை இருக்கும், வட்டிக்காரர் வருவார், வீட்டில் சிடுசிடுப்பும் இருக்கும். அந்தச் சூட்டிலிருந்து பிள்ளை ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம் வேண்டும் என்பதாலும் இது வாசிப்புக்கு ஏற்ற காலம். ஏப்ரல் முதல் வாரத்திலேயே நூலகத்திலிருந்தும் பள்ளியிலிருந்தும் புத்தகம் எடுத்து வைத்துவிடுங்கள். பள்ளி பூட்டிய பிறகு ஓட வேண்டாம். தலைமையாசிரியரிடம் பேசி, ஒரு வகுப்புக்கு முப்பது புத்தகம் லீவுக்கு வெளியே விடச் சொல்லலாம்.

போனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் அது கையில்தான் இருக்கப் போகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் எனும் இணையத் தளத்தில் பழைய தமிழ் நூல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் ஏராளம் உண்டு. தீவுப் பக்கம் சிக்னல் விட்டு விட்டு வரும், அதனால் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரவு படுக்கையில் மட்டும் தாளில் அச்சிட்ட புத்தகம் நல்லது. தூக்கத்தைப் பற்றி முன்பே சொன்னேன்.

படி 8: காதுக்கும் கொடுங்கள்

பெரிய பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. இன்னும் நல்லது, பிள்ளையை நமக்கு வாசித்துக் காட்டச் சொல்வது. மண்டபம் பக்கத்தில் ஒரு வீட்டில் பார்த்தேன். இறால் உரித்துக்கொண்டிருக்கும் அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் பதினோராம் வகுப்புப் பெண் வாரப்பத்திரிகைத் தொடர்கதையைச் சத்தமாக வாசிக்கிறாள். அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. கதாநாயகியின் மாமியார் ஏதோ செய்துவிட்டாள் போலிருக்கிறது, அப்பத்தா கையில் இருந்த இறாலோடு, "இவளையெல்லாம் சும்மா விடலாமாடி? அடுத்து என்னன்னு படி" என்கிறார். அந்தப் பெண்ணின் குரலில் இருந்த தெம்பைக் கேட்டிருக்க வேண்டும். வீட்டில் அவள்தான் அந்தக் கதையைத் திறக்கும் சாவியை வைத்திருக்கிறாள். பரீட்சையில் என்ன மார்க் வாங்கினாலும் அந்த மரியாதை அவளுக்கு அங்கே இருக்கிறது.

எழுத்துத் தெரியாத பெற்றோர் தங்களால் பிள்ளையை வாசிக்க வைக்க முடியாது என்று ஒதுங்க வேண்டாம். "எனக்கு வாசிச்சுச் சொல்லுப்பா" என்று கேட்டால் போதும்.

படி 9: வாசித்ததைப் பற்றி எப்படிப் பேசுவது

சுருக்கமாகச் சொல்கிறேன். கேள்வி குறைவாக, கேட்பது அதிகமாக. "யாரைப் பிடிச்சது?", "நீயா இருந்தா என்ன பண்ணியிருப்ப?" இந்த இரண்டும் போதும். பிள்ளை பேசாவிட்டால் விட்டுவிடுங்கள். கதையில் வரும் பையன் வீட்டைவிட்டு ஓடிப்போவதைப் பற்றி அவன் பேசினால் உடனே பதறாதீர்கள். தன் மனதில் இருப்பதைக் கதைக்காரன் தலையில் ஏற்றிச் சொல்வது இந்த வயதுக்கு வசதியான வழி. அப்படி அவன் சொல்லும் நேரத்தில் அறிவுரை சொல்லிவிட்டால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும்.

படி 10: கூட்டாளிகளைச் சேருங்கள்

கூட்டாளிகளின் கண்தான் இந்த வயதில் பெரிது என்றேன் அல்லவா, அதை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆசிரியர் பரிந்துரைப்பதைவிடக் கபடி ஆடும் கூட்டாளி "செமையா இருக்குடா" என்று நீட்டும் புத்தகம் வேகமாகச் சுற்றும். கடற்கரையிலோ கோயில், தேவாலயம், பள்ளிவாசல் பக்கத்துத் திண்ணையிலோ வாரம் ஒரு மாலை ஐந்தாறு பேர் உட்காரட்டும். பெண் பிள்ளைகளுக்கு யாராவது ஒருவர் வீட்டு முற்றம். பெரியவர் ஒருவர் தேநீர் ஏற்பாடு செய்துவிட்டு ஒதுங்கி இருக்கலாம், தலைமை தாங்க வேண்டாம். வாசிக்காமல் வருபவனையும் உட்கார விடுங்கள். படிப்பை நிறுத்திக் கடலுக்குப் போகும் பையனையும் கட்டாயம் கூப்பிடுங்கள். பள்ளியோடு அவனுக்கு இருந்த தொடர்பு அறுந்திருக்கும், வாசிப்போடு இருப்பது அறுபட வேண்டியதில்லை. அவன் திரும்பப் பள்ளிக்கு வந்தாலும் வராவிட்டாலும் புத்தகம் அவனுக்கும் உரியது.

புத்தகத்தால் ஆகாதது

எல்லாவற்றுக்கும் வாசிப்பு மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். இரண்டு வாரத்துக்கு மேல் ஒரு பிள்ளை யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கியே இருந்தால், சாப்பாடும் தூக்கமும் அடியோடு மாறினால், முன்பு பிடித்த விளையாட்டைக்கூட விட்டுவிட்டால், "நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்று ஒரு தடவை சொன்னாலும், புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு உடனே அருகில் உட்காருங்கள். டெலி மானஸ் எனும் அரசின் இலவச மனநல உதவி எண் 14416, எந்த நேரமும் தமிழில் பேசலாம். பிள்ளைகளே நேரடியாகக் கூப்பிடக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது. கட்டாயத் திருமணம், அடி உதை, வேலைக்கு அனுப்புவது, தப்பான தொடுதல் எதுவானாலும் அங்கே சொல்லலாம். இந்த இரண்டு எண்களையும் வகுப்புச் சுவரிலும் நூலக வாசலிலும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். தெருவில் சுற்றுக்கு விடும் புத்தகங்களின் உள்ளட்டையிலும் எழுதிவிடுங்கள். யாரிடமும் வாய்விட்டுக் கேட்க முடியாத பிள்ளையும் அதைத் தனியாக இருக்கும்போது பார்த்துக்கொள்ளும்.